நாசரேத்துக்குப் பக்கத்தில்தான் என் ஊர்

தம்பி, டொராண்டோ வந்து மூன்று மாதம் ஆகிறது, ஜெபிக்க உட்கார்ந்தால் கர்த்தருக்கு முன்னால் சாயர்புரம்தான் வந்து நிற்கிறது, நான் நேசிப்பது கர்த்தரையா ஊரையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வேலை செய்கிறவர்கள் உங்கள் மாநிலத்தைப் பற்றி விசாரித்தால் "வெயில் அதிகம்" என்று சொல்லி முடித்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

நான் வந்து பத்தொன்பது வருடம். முதல் குளிர்காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. வாரக்கணக்கில் ஜெபமே வரவில்லை. அங்கே இருந்த பெரியவர் ஒருவர், தலையணைப் பக்கத்தில் எப்போதும் வேதப் புத்தகம் வைத்திருப்பார், ஒரு நாள் எந்த ஊர் என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "நாசரேத்துக்குப் பக்கம்." எழுந்தே உட்கார்ந்துவிட்டார். இயேசு வளர்ந்த ஊரா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இல்லை ஐயா, இது தமிழ்நாட்டு நாசரேத் என்று சொல்ல ஆரம்பித்தேன். சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும் தேரிக்காடு, அதில் பனை. மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம் என்று ஊர்ப் பெயர்கள். முதலூரின் கதையைக் கேட்டதும்தான் அவர் கண் கலங்கியது. புதிதாகக் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள் சொந்த ஊரில் இருக்க முடியாமல் வெளியேறி, 1799-ல் வேறு இடத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அப்படி உண்டான முதல் ஊர், அதனால் முதலூர். நம் பக்கத்துக் கோயில் மணிகளில் பல, வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவர்கள் கட்டிய மணிகள். இதைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அந்நிய நாட்டில், பனிக்கு நடுவே, வேறொருவருக்குச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது.

மறுநாள், மரம் ஏறுகிறவர்களைப் பற்றிச் சொல் என்றார். விடியும் முன்னே ஏறுவது, பாளை சீவுவது, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது, பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது எல்லாம் சொன்னேன். நர்ஸிடம் கேட்டுவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டியில் நகத்தளவு உடைத்து அவர் நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கரையவிட்டார். அப்புறம், "உன் மொழியில் எனக்காக ஜெபி" என்றார். ஜெபித்தேன் தம்பி. அன்றைக்கு வந்தது.

"தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று யோவான் எழுதியதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். பொருள் புரிந்தது அந்தக் கட்டில் பக்கத்தில்.

உபாகமம் ஆறாம் அதிகாரத்தை இன்றைக்கு ஒரு தடவை வாசியுங்கள். முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழுப் பலத்தோடும் கர்த்தரிடத்தில் அன்புகூரு என்ற கட்டளை அங்கேதான் இருக்கிறது. அதை மோசே யாரிடம் சொன்னார்? யோர்தானைத் தாண்டிப் புது நாட்டுக்குள் போகக் காத்து நின்றவர்களிடம். நீ கட்டாத பட்டணத்தில் குடியிருப்பாய், நீ வெட்டாத கிணற்றில் தண்ணீர் குடிப்பாய், அப்போது கர்த்தரை மறந்துவிடாதே என்கிறார். பழைய நாட்டை மறந்துவிடு என்று சொல்லவில்லை. எங்கிருந்து வந்தாய் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல் என்றுதான் அதே அதிகாரத்தின் கடைசியில் சொல்கிறார். ஆகவே சாயர்புரம் நினைவுக்கு வந்தால் விரட்டாதீர்கள். அங்கிருந்தே ஜெபத்தைத் தொடங்குங்கள். அம்மா, தெரு, கோயில் வாசல், கோயில் விருந்தான அசனத்துக்குப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் ஜெபித்தால் வாய்க்கு வருகிறது, உள்ளே இறங்கவில்லை என்கிறீர்கள். தமிழிலேயே ஜெபியுங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க், நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் அ, ஆ படித்தார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. இந்திய மொழிகளில் அதுதான் முதல். வேதம் நம் மொழிக்கு வந்தது, புதிதாக வந்த ஒருவர் பட்ட பாட்டினால். வேலையில் கேட்டால் வெயிலை விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்.

டொராண்டோவிலேயே ஸ்கார்பரோ பக்கம் தமிழ் ஆராதனைகள் நிறைய இருக்கின்றன. யாழ்ப்பாணத்தாரும் நம் ஊர்க்காரரும் சேர்ந்து பாடுவார்கள். பேச்சுத் தமிழ் முதல் வாரம் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும், கீர்த்தனை தொடங்கியதும் அது போய்விடும். ஆனால் தமிழ்ச் சபை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நடந்துபோகும் தூரத்தில் உள்ள சபைக்கும் போய்ப் பாருங்கள். இந்தக் குளிரில் உடம்பு சரியில்லாமல் படுத்தால் கதவைத் தட்டுவது பக்கத்தில் இருப்பவர்கள்தான்.

அம்மா கருப்பட்டி கொடுத்தனுப்பியிருப்பார்களே, அதில் ஒரு துண்டை நாளைக்கு வேலைக்கு எடுத்துப் போங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று பாருங்கள்.