ஈட்டி சொல்லும் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற கோடையில் ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு சென்றிருந்தபோது, ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய மார்பளவுச் சிலைக்கு மேலே ஒரு கேடயம் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். ஊருக்குள் ஒரு கடையில் அதே குடும்பச் சின்னம் அச்சிட்ட அட்டை கிடைத்தது. அதன் பின்புறத்தில், பொன் நிறம் கொடைக்குணத்தையும், கறுப்பு மன உறுதியையும், ஈட்டி போர்த்திறத்தையும் குறிப்பதாக எழுதியிருந்தது. ஷேக்ஸ்பியரின் தந்தை கையுறை தைத்து விற்றவர்; அவர் வீட்டுக்குப் போர்த்திறம் எங்கிருந்து வந்தது? மேலும், ஷேக்ஸ்பியர் என்ற குடும்பப்பெயர் கொண்ட என் அலுவலக நண்பர் அது தம்முடைய சின்னமும்தான் என்கிறார். அது சரியா?

கே.

அன்புள்ள கே.,

அட்டையைத் திருப்பி, படம் உள்ள பக்கத்தை மட்டும் பாருங்கள். பொன் நிறக் கேடயத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டையின் மேல் வெள்ளி முனை கொண்ட ஒரு பொன் ஈட்டி. கேடயத்துக்கு மேலே, சிறகு விரித்த வெள்ளி வல்லூறு ஒன்று இன்னோர் ஈட்டியைப் பற்றி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஷேக்' என்றால் அசைத்தல், 'ஸ்பியர்' என்றால் ஈட்டி. போரும் வீரமும் இதில் எங்கும் இல்லை. வீட்டுப் பெயரைப் படமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படிப் பெயரைச் சிலேடையாக வரைவதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'பேசும் சின்னம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காலஞ்சென்ற இரண்டாம் எலிசபெத் அரசியின் தாயார் பிறந்த போவ்ஸ்-லயன் குடும்பத்தின் கேடயத்தில் விற்களும் சிங்கங்களும் இருப்பது இதே வழக்கத்தால்தான். புலி, கயல், வில் என அரசர்களின் இலச்சினைகளையே பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு குடும்பம் தன் பெயரை வைத்து இப்படி விளையாடியிருக்கும் என்று எளிதில் தோன்றுவதில்லை.

நிறங்களுக்குக் குணங்களை ஒட்டும் பட்டியல்கள் பழைய நூல்களிலும் உண்டு என்றாலும், சின்னங்களை வழங்கிய கட்டியக்காரர்களை உண்மையில் கட்டுப்படுத்தியது வேறு விதி. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள், மற்றவை வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ, வண்ணத்தின் மேல் வண்ணமோ வரக்கூடாது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஷேக்ஸ்பியரின் கேடயத்தில் பொன்னின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் மீண்டும் பொன், அதன் நுனியில் வெள்ளி என்று விதி ஓரிடத்திலும் பிசகவில்லை. பொன் நிறம் அங்கே இருப்பது கண்ணுக்காக.

அப்படியானால் இந்தச் சின்னத்துக்கு ஆழமான பொருளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதைக் கேடயத்துக்கு வெளியே, அதைப் பெற அந்தக் குடும்பம் பட்ட பாட்டில் தேட வேண்டும். லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது கட்டியக்காரர்களின் அலுவலகம், சின்னம் வழங்குவதற்காக 1596 அக்டோபர் 20 அன்று எழுதிய வரைவுகள் இன்றும் இருக்கின்றன. விண்ணப்பம் தந்தை ஜான் ஷேக்ஸ்பியரின் பெயரில் உள்ளது. பணமும் முயற்சியும் நாடகத்தில் சம்பாதித்த மகனுடையவை என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். தந்தைக்குச் சின்னம் கிடைத்தால் மகன் பிறப்பாலேயே கனவான் ஆகிவிடுவான், நடிகன் என்ற இழிவு குறுக்கே நிற்காது. வரைவில் 'நோன் சான்ஸ் த்ருவா', அதாவது 'உரிமை இல்லாமல் அல்ல' என்ற குறிக்கோள் வாசகமும் உண்டு. எழுத்தர் முதலில் 'நோன்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளியை வைத்துவிட்டார். அதனால் வாசகம் 'இல்லை, உரிமை கிடையாது' என்று தலைகீழாகிவிட்டது. பிறகு அதை அடித்துவிட்டுக் காற்புள்ளி இல்லாமல் எழுதினார். அந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த அடித்தல்தான்.

காற்புள்ளி போனாலும் சந்தேகம் போகவில்லை. 1599-இல் பென் ஜான்சன் தம் நாடகம் ஒன்றில், முப்பது பவுண்டு கொடுத்துச் சின்னம் வாங்கிய கோமாளி ஒருவனுக்கு 'கடுகு இல்லாமல் அல்ல' என்ற வாசகத்தைச் சூட்டினார். அது ஷேக்ஸ்பியரைச் சீண்டியது என்று பலரும் நம்புகிறார்கள். 1602-இல் ரால்ஃப் புரூக் என்ற கட்டியக்காரர், தம் மேலதிகாரி வில்லியம் டெத்திக் தகுதியற்றவர்களுக்கெல்லாம் சின்னம் வழங்கியதாகக் குற்றம் சாட்டினார். ஷேக்ஸ்பியரின் கேடயம் மாலி பிரபுவின் கேடயத்தை ஒத்திருக்கிறது என்பதும் அவருடைய புகார். டெத்திக்கும் இன்னொரு கட்டியக்காரரான வில்லியம் கேம்டனும் அளித்த பதிலில், பட்டையின் மேல் உள்ள ஈட்டியே போதுமான வேறுபாடு என்றார்கள். ஜான் தம் ஊரில் நீதிப் பொறுப்பு வகித்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே, உங்கள் அட்டை போர்த்திறம் என்று சொல்லும் அதே ஈட்டிதான் அலுவலகச் சண்டையில் அந்தக் குடும்பத்தின் வழக்கறிஞராக நின்றது.

இனி உங்கள் நண்பரின் கேள்வி. இங்கிலாந்தில் குடும்பச் சின்னம் பெயருக்கு உரியதன்று. அதைப் பெற்றவருக்கும் ஆண்வழியில் வரும் அவருடைய சந்ததிக்கும் மட்டுமே உரியது. ஷேக்ஸ்பியரின் ஒரே மகன் ஹாம்னெட் 1596 ஆகஸ்ட் 11 அன்று, பதினொரு வயதில் அடக்கம் செய்யப்பட்டான். வழிவழியாகச் செல்ல வேண்டிய சின்னத்தின் வரைவு எழுதப்பட்டபோது அந்த வழி அறுந்து பத்து வாரம் ஆகியிருந்தது. பேத்தி எலிசபெத்தும் 1670-இல் பிள்ளையின்றி இறந்துபோனார்; கவிஞரின் சகோதரர்களுக்கும் முறையான சந்ததி இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் உங்கள் நண்பருக்கு அந்தக் கேடயத்தின் மேல் உரிமை வராது. வேண்டுமானால் அவர் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸுக்கு விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தி, தமக்கென்று புதிய சின்னம் கேட்கலாம். அதிலும் ஓர் ஈட்டி இருந்தால் நான் வியக்கமாட்டேன். ஆனால் அதைப் பொன் நிறக் கேடயத்தில் கறுப்புப் பட்டை மேல் வைக்க விடமாட்டார்கள்.