கோபுலு வீணாகிப் போனாரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வார இதழ்களுக்குக் கேலிச்சித்திரமும் கதைகளுக்குப் படமும் வரைந்துகொண்டிருந்தேன். போன வருடம் ஒரு விளம்பர நிறுவனத்தில் விஷுவலைசராக, அதாவது விளம்பரங்களுக்குப் படம் யோசித்து வரைகிறவனாக, சேர்ந்துவிட்டேன். ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் என் மாமா, பழைய விகடன் தொடர்களையெல்லாம் பைண்டு பண்ணிப் பத்திரமாக வைத்திருப்பவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்கிறார்: "கோபுலு மாதிரி பெரிய ஓவியரே விளம்பரத்துக்குப் போய் வீணாப் போனார், நீ எம்மாத்திரம்?" எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. சோப்புக்கும் சமையல் எண்ணெய்க்கும் படம் போட்டுப் போட்டு என் கோடு செத்துவிடுமோ? அண்மையில் வரைந்த வசனமில்லாத ஜோக் ஒன்றை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அலுவலகத்தில் படிப்பார்கள், அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

—

அன்புள்ள நண்பருக்கு,

மாமாவின் ஆதங்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. தில்லானா மோகனாம்பாள் தொடராக வந்தபோது கோபுலு அதற்குப் போட்ட படங்களுக்காகவே விகடனுக்குக் காத்திருந்த தலைமுறைக்கு, அந்தக் கை ஒரு நாள் வார இதழை விட்டுப் போனது சொந்த நஷ்டம்தான். அவர்கள் அப்படிப் பேசுவதில் தப்பே இல்லை. ஆனால் நஷ்டம் வாசகர்களுக்கு. கோபுலு வீணானார் என்பது வேறு பேச்சு, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தஞ்சாவூரில் 1924ல் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, விகடன் ஓவியர் மாலியின் கோட்டில் சொக்கிப்போய் விகடனுக்கு வந்தவர் அவர். கோபாலனைக் கோபுலு ஆக்கியதே மாலிதான். அங்கே அவர் வரைந்த வசனமில்லாத ஜோக்குகளை எடுத்துப் பாருங்கள், ஒரு சொல் கிடையாது, ஆனால் ஆள் நிற்கிற நிலை, தோள் சாய்கிற சாய்வு, வேட்டி மடிப்பு, இதிலேயே கதை முடிந்துவிடும். அறுபதுகளில் விளம்பரத்துக்குப் போய், பிறகு சொந்தமாக ஆட்வேவ் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர் கையில் எடுத்துக்கொண்டு போனது இந்தச் சாமர்த்தியத்தைத்தான். பஸ்ஸில் போகிறவன் தலையைத் திருப்புகிற நேரத்தில் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும் என்பதுதானே விளம்பரத்தின் முதல் பாடம்? அது கார்ட்டூனிஸ்டுக்குப் புதுப் பாடமா என்ன? 30 விநாடி விளம்பரப் படத்துக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சி காட்சியாகப் படம், போடுகிறவர், எந்தக் கணத்தைப் படமாகப் போடுவது, எதை இரண்டு படங்களுக்கு நடுவே பார்ப்பவர் மனதுக்கே விட்டுவிடுவது என்று கணக்குப் போடுகிறார். வசனமில்லாத ஜோக் போடுகிறவரும் அதையேதான் செய்கிறார்.

அப்புறம் இன்னொன்று. அவர் விளம்பரத்துக்குப் போன பிறகும் பத்திரிகைகளுக்கு வரைவதை விட்டுவிடவில்லை. முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகினார். 2015ல் தொண்ணூறு வயதில் போனார். கோடு செத்துப்போன ஆள் இடது கையைப் பழக்கிக்கொண்டு மறுபடி பேனாவை எடுப்பாரா? மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். கல்யாணப் பந்தி, சாப்பிடுகிறவருக்குப் பின்னால் நாற்காலி பிடிக்க ஒருவர் நிற்கிறார். முதல் கட்டத்தில் அடக்கமாக. இரண்டாவதில் நாற்காலி முதுகில் கையை வைத்துவிட்டார். மூன்றாவதில் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாலாவதில் பாயச வாளியைத் தானே வாங்கி அவருக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் எழுந்திருக்கட்டும் என்று. வாய்விட்டுச் சிரித்தேன். ரசத்துக்காகச் சாதத்தில் குழி பண்ணுகிற அந்த விரல்கள் ரொம்ப நன்றாக வந்திருக்கின்றன, பார்த்துப் பார்த்து வரைந்த விரல்கள் அவை. ஆனால் மூன்றாவது கட்டம் வேண்டாம். கடிகாரம் பார்ப்பது வசனம் எழுதுவது மாதிரிதான், அந்த அவசரத்தை இரண்டாவது கட்டத்தில் நாற்காலியை அழுத்துகிற கையே சொல்லிவிட்டது. அதே சமயம், கடைசிக் கட்டத்தில் பந்தல், வாழைமரம், மற்ற இலைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாளி, கரண்டி, இரண்டு முகம் மட்டும் வைத்திருக்கிறீர்களே, இதை நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று நினைக்கிறீர்கள்? போன வருடம் நீங்கள் அனுப்பிய படங்களில் இது இல்லை, மூலை முடுக்கெல்லாம் கோடு நிரம்பியிருக்கும். தினமும் லேஅவுட் போட்டுப் போட்டு, வெற்றிடத்தை விடுகிற துணிச்சல் உங்களுக்கு வந்திருக்கிறது.

ஆகவே கோடு சாகும் என்ற பயத்தை விடுங்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு, அது உங்கள் பெயர்.

பத்திரிகைப் படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். கோபுலு என்ற அந்த மூன்று எழுத்தை வைத்துத்தான் உங்கள் மாமா அவரை இன்றும் தேடிப் பார்க்கிறார். விளம்பரத்தில் அந்த மூலையில் கம்பெனியின் முத்திரைதான் இருக்கும். ஏர் இந்தியாவின் மகாராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள், 1946ல் பிறந்தவர், மீசையும் தலைப்பாகையுமாக அவரைத் தெரியாதவர் யார்? அவரைக் கற்பனை செய்த பாபி கூகாவின் பெயராவது சிலருக்குத் தெரியும். வரைந்த உமேஷ் ராவ்? 1966லிருந்து அமுல் சிறுமி தெருவில் நிற்கிறாள், அவளை உருவாக்கியவர் என்று சில்வெஸ்டர் டகுன்ஹாவைச் சொல்கிறார்கள், அவளுக்கு உருவம் கொடுத்த யூஸ்டேஸ் ஃபெர்னாண்டஸைச் சொல்வதற்கு ஆள் குறைவு. ஏசியன் பெயின்ட்ஸ் விளம்பரத்தின் 'கட்டு' (Gattu) என்ற பையன், கலைந்த முடியும் கையில் பிரஷ்ஷுமாக 1954ல் வந்தவன், ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தது. லக்ஷ்மண் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் கட்டம் போட்ட கோட்டு போட்ட சாமானிய மனிதர்தான் ஞாபகத்துக்கு வருகிறார், ஏனென்றால் அங்கே கையெழுத்து இருந்தது. சுவருக்குச் சுவர் நின்ற பையனை யார் வரைந்தது என்று யாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது. நம் கண்ணில் தினமும் பட்ட உருவங்கள் இவை, வரைந்தவர் யார் என்று தெரிந்துகொள்ளாமலேயே இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சட்டமும் இந்த வித்தியாசத்தைச் செய்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் பிரசுரத்துக்காக வரைந்தால், பத்திரிகையில் வெளியிடுகிற உரிமை மட்டும் உரிமையாளருக்கு, மற்ற உரிமை வரைந்தவருக்கு. விளம்பர நிறுவனம் போன்ற மற்ற இடங்களில் வேலையின் பகுதியாக வரைந்தால் முழு உரிமையும் நிறுவனத்துக்குத்தான். இரண்டு இடத்திலும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அதன்படி. ஆனால் 57ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது, உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் "இது நான் வரைந்தது" என்று சொல்லிக்கொள்கிற உரிமை வரைந்தவரிடமே இருக்கும் என்கிறது. நம் ஓவியர்கள் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

நீங்கள் கேளுங்கள். முடிந்த ஆர்ட்வொர்க்கை மட்டுமல்ல, அதற்கு முன் போட்ட பென்சில் ஸ்கெட்ச்சுகளையும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். கிளையன்ட் வேண்டாம் என்று ஒதுக்கியதையும் சேர்த்துத்தான், அதில்தான் பெரும்பாலும் நல்ல படம் இருக்கும். வெளியே காட்ட அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழியாக வேண்டாம், மின்னஞ்சலில். உங்கள் வேலை ஆணையில் வெளிவேலை பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். நேரம் கிடைக்கும்போது சொந்தமாக வரைகிற கேலிச்சித்திரங்கள் உங்களுக்கே உரியவை, அவற்றை எங்கே வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று ஒரு வரி எழுதித்தரச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், உங்களை வேலைக்கு எடுத்ததே அந்தக் கேலிச்சித்திரங்களைப் பார்த்துத்தானே. அந்த வரி கிடைத்ததும் பந்திப் படத்தை மூன்று கட்டமாக்கி, மூலையில் தெளிவாகக் கையெழுத்துப் போட்டு, நீங்கள் முன்பு வரைந்துகொண்டிருந்த இதழுக்கே அனுப்புங்கள். முகூர்த்த மாதத்தில் வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

அன்புடன்.