குடும்ப ஜெபம் நின்றுபோன வீடு: எங்கே தொடங்குவது?

வாசகியின் கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 4 வருடம் ஆகிறது, 2 வயதில் ஒரு மகள். கணவருக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் வேலை. என் அப்பா வீட்டில் தினமும் இரவு 8 மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. இங்கே அது ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஊரிலிருக்கும் மாமியாருக்கு என்னிடம் சொல்லாமலே பணம் அனுப்புகிறார். கேட்டால், ‘மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது’ என்கிறார். எங்கள் வீட்டை நல்ல கிறிஸ்தவக் குடும்பமாகக் கட்ட நான் எங்கே தொடங்க வேண்டும்?

பதில்: அன்பு சகோதரிக்கு ஸ்தோத்திரம். பணத்தில் தொடங்குங்கள். ஜெபத்தைப் பற்றிக் கேட்டால் இவர் பணத்தைப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். 1 பேதுரு 3:7 மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யும்படி புருஷர்களுக்குச் சொல்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது: ‘உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு.’ ஒளிவுமறைவு இருக்கிற இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து முழங்கால் போடுவது கஷ்டம். நேரம் கிடைக்காததால் ஜெபம் நின்றது என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால், பேசாமல் விட்ட ஒரு விஷயம் உள்ளே இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அவர் அம்மாவுக்கு அனுப்புவது தவறல்ல. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பது என்று ஆதியாகமம் 2:24 சொல்வதும் பெற்றோரைக் கைவிடுவதல்ல. இனி முடிவுகள் இந்த வீட்டில், இருவரும் அறிய எடுக்கப்படும் என்பதுதான் அது. உங்கள் வீட்டில் குறைவது அந்த ‘இருவரும் அறிய’ மட்டும்தான்.

ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்தின் முதல் வரியில் ‘அம்மாவுக்கு’ என்று உங்கள் கையாலேயே எழுதி, தொகையை அவரே எழுத விடுங்கள். அதன்பிறகு தசமபாகம் (சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு), வாடகை, பால், பாப்பாவின் மருந்து, உங்கள் பெற்றோருக்கு ஏதாவது செய்வதென்றால் அதுவும். அம்மாவின் பெயரை நீங்கள் முதலில் எழுதுவதைப் பார்க்கும்போது, மறைக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லாமல் போகலாம். மனைவி தடுத்துவிடுவாளோ என்ற பயத்தில் மறைக்கிறவர்கள்தான் அதிகம். தொகை அதிகம் என்று பட்டால் அன்றைக்கே சண்டை வேண்டாம். மாதக் கடைசியில் எது இடித்தது என்று நோட்டைப் பார்த்தே பேசலாம்.

சரி, கீழ்ப்படிதல். அவர் காட்டுவது எபேசியர் 5:22. அதற்கு முந்தின வசனம், ‘தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்தில் ‘கீழ்ப்படியுங்கள்’ என்ற வினைச்சொல்லே கிடையாது. 21-இலிருந்துதான் பொருள் தொடர்ந்து வருகிறது. இரண்டையும் பிரித்து வாசிக்கவே முடியாது. 25-இலிருந்து பவுல் புருஷர்களிடம் கேட்பது அதைவிடப் பெரியது: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும். ஆனால் சகோதரி, அவர் ஒரு வசனத்தை எடுத்தார் என்று நீங்கள் பதிலுக்கு ஒன்றை வீசாதீர்கள். நிதானமாக இருக்கிற ஒரு நாளில் 21 முதல் 33 வரை இருவரும் மாறிமாறி சத்தமாக வாசியுங்கள், விளக்கம் சொல்லாமல்.

அப்புறம் ஜெபம். உங்கள் அப்பா வீட்டின் 8 மணியை இங்கே கொண்டுவர முயல்கிறீர்கள். அந்த நேரம் அந்த வீட்டுக்குப் பொருந்தியது. இங்கே ஒரு வாரம் அவர் அந்த நேரத்தில் கிளம்பிக்கொண்டிருப்பார், மறு வாரம் பகலெல்லாம் உழைத்து அசந்திருப்பார், குழந்தையோ தூக்கத்துக்கு அழும். கடிகாரத்தை விட்டுவிட்டு வாசற்படியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்ததும், செருப்பு மாட்டும் முன், மூவரும் கைபிடித்து 121-ஆம் சங்கீதம் சொல்லுங்கள். எட்டே வசனம், உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். இரவு ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு ‘உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை’ என்ற வரி எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். கடைசி வசனத்தை, ‘உன் போக்கையும் உன் வரத்தையும்’ என்பதை, பாப்பாவும் சீக்கிரமே கூடச் சொல்வாள். பாட்டு, நீண்ட வாசிப்பு, மன்றாட்டு எல்லாம் வார விடுமுறை நாளுக்கு இருக்கட்டும்.

ஒன்று கேட்டுவிடுகிறேன், நீங்கள் எழுதவில்லை என்றாலும். கை ஓங்குவதோ, சாப்பாட்டுக்கே பணம் தராமல் நெருக்குவதோ இருந்தால், மேலே சொன்னவை போதாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, பண நெருக்கடியையும் வன்முறை என்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழையுங்கள். ஆயரிடமும் சொல்லுங்கள். ‘ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், உங்களை நம்புகிற இன்னொருவரிடம் போங்கள். பொறுத்துக்கொண்டே இருக்கும்படி கர்த்தர் உங்களிடம் கேட்கவில்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால், நோட்டைச் சம்பள நாளில் எடுக்க வேண்டாம். அன்று கணக்குக் கேட்பதுபோல் ஆகிவிடும். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்தவுடனும் வேண்டாம். பகல் ஷிஃப்ட் வாரத்தில், பாப்பா தூங்கியபிறகு, டீ போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.