நூற்றாண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கேள்வி: எங்கள் பங்குக் கோயிலுக்கு நூற்றாண்டு விழா எடுக்க முனைந்துள்ளோம். ஆனால் அடிக்கல்லில் ஓர் ஆண்டு இருக்கிறது. கோயில் அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தப்பட்டது, வேறோர் ஆண்டு. தனக்கெனப் பங்குத்தந்தை உள்ள தனிப்பங்காக உயர்ந்தது இன்னோர் ஆண்டு. தூத்துக்குடி பனிமய மாதா கோயிலுக்கு 2013-இல் 300-ஆம் ஆண்டு விழா கொண்டாடிய பின், 2023 திருவிழாவை 441-ஆம் ஆண்டு என்றார்களே, எது சரி?
- ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தூத்துக்குடியில் சொல்லப்பட்ட இரண்டு கணக்குகளும் சரியானவையே. இப்போது நாம் காணும் கோயிலுக்கு 1712 ஏப்ரல் 4 அன்று அடிக்கல் இடப்பட்டு, 1713 ஆகஸ்டு 5 அன்று திறப்பு நடைபெற்றது. அந்தத் திறப்பு நாளை வைத்தே 2013-இல் முந்நூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டு, தங்கத் தேர் வீதிக்கு வந்தது. 441 என்ற எண்ணோ, அதற்கு முன்பே மாதாவின் பெயரால் எழுந்த கோயில் 1582-இல் அர்ச்சிக்கப்பட்டதிலிருந்து எண்ணப்படுவது. அந்தக் கணக்கில் 400 ஆண்டு நிறைந்த 1982-இல்தான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இன்றைய கோயிலைப் பசிலிக்காவாக, அதாவது திருத்தந்தை தரும் சிறப்புத் தகுதி பெற்ற பேராலயமாக, உயர்த்தினார். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிய பின் அங்கிருந்த கத்தோலிக்கர் பட்ட இன்னல்களை நினைத்தால், பழைய கோயிலின் ஆண்டையும் கைவிடாமல் எண்ணிவரும் அம்மக்களின் பற்று நெஞ்சைத் தொடுகிறது.

ஆகஸ்டு 5 என்ற நாளையும் கவனியுங்கள். உரோமையில் உள்ள புனித மரியா பெருங்கோயிலின் அர்ச்சிப்பைத் திருச்சபை முழுவதும் நினைவுகூரும் நாள் அது. கோடையில் பனி பொழிந்து கோயிலுக்கு இடம் காட்டியது என்ற மரபிலிருந்தே 'பனிமய மாதா' என்ற பெயர் வந்தது. அதாவது, தூத்துக்குடியில் கொடியேற்றிப் பதினொரு நாள் கொண்டாடும் பெருவிழாவே வேரில் ஒரு கோயில் அர்ச்சிப்பின் ஆண்டு நினைவுதான்.

உங்கள் கேள்விக்கான விடையும் இதில் அடங்கியிருக்கிறது. வழிபாட்டு ஒழுங்கின்படி ஒரு கோயில் தன் அர்ச்சிப்பு நாளைத் தன்னளவில் பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. அடிக்கல் நாட்டிய நாளுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே கோயிலின் நூற்றாண்டை அர்ச்சிப்பு நாளிலிருந்து எண்ணுங்கள். தனிப்பங்கான ஆண்டு பங்குச் சமூகத்தின் வயதைக் குறிப்பது. அதற்கு உரிய காலத்தில் தனியே விழா எடுக்கலாம். இரண்டையும் ஒரே அழைப்பிதழில் கலந்து, வருங்காலத் தலைமுறையைக் குழப்பிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

அர்ச்சிப்பு ஆண்டில் ஐயம் இருந்தால் பங்கின் நாட்குறிப்பேட்டையும் ஆயர் இல்ல ஆவணங்களையும் பாருங்கள். சுவர்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஆயர் கிறிஸ்மா எனும் புனித நறுமண எண்ணெய் பூசி அர்ச்சித்த கோயிலாயின் பன்னிரண்டு அல்லது நான்கு சிலுவைக் குறிகள், ஒவ்வொன்றின் கீழும் மெழுகுவர்த்தித் தாங்கியோடு, சுவரில் பதிக்கப்பட்டிருக்கும். பல ஊர்களில் அவற்றின் மேல் சுண்ணாம்போ பெயிண்டோ அடித்து மறைத்திருக்கிறார்கள். உங்கள் கோயிலில் அவை இருந்தால், விழாவுக்கு வெள்ளை அடிக்கும் முன் மெல்லச் சுரண்டித் துலக்கி, அர்ச்சிப்பு நாளன்று அவற்றின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஆயரின் விரல் எண்ணெய் பூசிய அதே இடங்கள் அவை.