கணினி கேள்வி பதில்: அந்தப் பூஜ்யம் இருக்கட்டும்

கேள்வி: ஐயா, நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். எக்செலில் ‘கூலி’ என்ற தாளில் 140 பேரின் பெயர், பணியாளர் எண், பிரிவு, நாள் சம்பளம் ஆகியவை முறையே நான்கு நெடுவரிசைகளில் உள்ளன. செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவு) தாளில் பெயரைத் தேடிச் சம்பளத்தைக் கொண்டுவர =வீலுக்கப்(ஏ2, கூலி!ஏ2:டி141, 4) என்று போட்டேன். ஒருவர் சம்பளம் இன்னொருவருக்கு விழுந்தது. கடைசியில் 0 சேர்க்கச் சொன்னார் அண்ணன். சேர்த்ததும் பாதிப் பேருக்கு என்/ஏ. அதை எடுத்தால் எல்லாருக்கும் ஏதோ ஒரு தொகையாவது வருகிறது. எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது மகளே. சம்பள நாளன்று ஜன்னலுக்கு வெளியே நிற்பவரிடம் ‘ஏதோ ஒரு தொகையை’ நீட்டிப் பாருங்கள், தெரியும். நான் அந்த ஜன்னலுக்கு உள்ளே 31 வருடம் உட்கார்ந்தவன்.

0 இல்லாவிட்டால், பட்டியல் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதாக வீலுக்கப் தானே எண்ணிக்கொள்கிறது. நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்துப் பாதியைத் தள்ளிவிடும், மீதியிலும் அப்படியே. உங்கள் பட்டியல் ஆள் சேர்ந்த வரிசையில் இருக்கும். தேடும் பெயர் தள்ளிவிட்ட பாதியில் கிடக்க, அது யாரிடமோ போய் நிற்கிறது. நின்ற இடத்துத் தொகையைக் கூச்சமில்லாமல் எழுதியும் விடுகிறது. எடைக்கேற்ற ஊக்கத்தொகைப் படிகளைத் தேட இந்த முறை உதவும்: 0, 1 டன், 1.5 டன் என்று ஏறுவரிசையில் இருந்தால் 1.3 டன்னுக்கு 1 டன் படியைத் தரும். ஆள் பெயருக்கு ஆகாது. என்/ஏ என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று பொருள். அது உங்களுக்குச் செய்யும் உதவி.

சரி, ஏன் கிடைக்கவில்லை? பெரும்பாலும் நீங்கள் டாலர் குறி போடாததுதான். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பட்டியலும் கூடவே இறங்குகிறது. 60ஆம் வரிசையில் அது ஏ60 முதல் டி199 வரை தேடும். முதல் 58 பேர் அதன் கண்ணிலேயே படமாட்டார்கள். கூலி!$ஏ$2:$டி$141 என்று மாற்றுங்கள். அந்தப் பகுதியைத் தேர்ந்து எஃப்4 விசையை அழுத்தினால் டாலர் தானே விழும்.

மிஞ்சுபவை எழுத்துக் குறைகள். ஒரு தாளில் ‘இன்னாரின் மகன்’ என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, மறு தாளில் நடுவே இடைவெளி விட்டு ‘ஏ / எல்’. நமக்கு ஒன்று, எக்செலுக்கு வேறு. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியை ட்ரிம் என்ற சூத்திரம் நீக்கும்; நடுவில் விட்ட ஒற்றை இடைவெளியை நீக்காது.

அதனால் பெயரை வைத்துத் தேடுவதையே விட்டுவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் மூன்று முனியாண்டிகள் இருந்தார்கள். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) ‘பெரிய’, ‘சின்ன’, ‘மாட்டுக்கார’ என்று கூப்பிட்டுச் சமாளித்தோம். வீலுக்கப்போ முதலில் கண்ட முனியாண்டியோடு நின்றுவிடும். பணியாளர் எண்ணே மேல். வீலுக்கப் முதல் நெடுவரிசையில்தான் தேடும் என்பதால், எண்ணை வெட்டிப் பெயருக்கு முன்னால் வையுங்கள்; செக்ரோலிலும் ஏ நெடுவரிசையில் எண்ணே இருக்கட்டும். ஒரு தாளில் எண்ணாகவும் மறு தாளில் எழுத்தாகவும் பதிந்திருந்தால் மறுபடியும் என்/ஏதான்.

அடையாள அட்டை எண்ணை வைத்துத் தேட நினைத்தால் ஒரு எச்சரிக்கை. 2004இல் பிறந்த பையனின் எண் 04 என்று தொடங்கும். கோடில்லாமல் தட்டினால் முன்பூஜ்யம் உதிர்ந்து 12 இலக்கம் 11 ஆகிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள்.

அலுவலகத்தில் எக்செல் 2021 இருந்தால் வீலுக்கப்பின் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப் பழகலாம். 0 போடாமலே அது சரியான பொருத்தத்தைத்தான் தேடும். 2016, 2019 பதிப்புகளில் அது கிடையாது.

முதலில் டாலரைப் போட்டு, 0 அப்படியே இருக்க, சூத்திரத்தை மறுபடி இழுங்கள். எத்தனை என்/ஏ மிஞ்சுகிறது என்று எழுதுங்கள்.