கனமான துப்பாக்கிதான் கைக்கு இதம்

“அமெரிக்கா வந்து 8 மாதமாகிறது அக்கா. வயது 58. மருமகன் வார இறுதியில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிறார். கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவள் என்பதால் ஆசையாகத்தான் போனேன். அவருடைய சின்ன ரிவால்வரில் 5 தோட்டா சுட்டதும் கட்டைவிரல் அடியில் பிடித்த வலி, மறுநாள் பாட்டில் மூடியைக்கூடத் திருக விடவில்லை. இந்த வயதில் இது வேண்டாத வேலையா?” என்று கேட்டிருந்தீர்கள்.

வேலை சரிதான். துப்பாக்கிதான் தப்பு.

நான் டெக்சாஸுக்கு வந்து 27 வருடம். அதில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில், திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்தியே கழிந்தது. வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லி 6 வருடமாகிறது. இன்றைக்கும் மாதம் இரண்டு சனிக்கிழமை சுடப் போகிறேன். ஆகவே நான் சொல்வது படித்ததல்ல, பட்டது.

வலிக்குள் போவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், கோபப்படாதீர்கள். பச்சை அட்டையில் (கிரீன் கார்டு) வந்தீர்களா, விசாவிலா? பச்சை அட்டை என்றால் கூட்டாட்சிச் சட்டம் தடுக்காது. விசிட்டர் விசா, மாணவர் விசா, எச்1பி போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. “ரேஞ்சில் மருமகனுடையதை வாங்கி நாலு ரவுண்டு சுட்டேன், அவ்வளவுதானே” என்பதும் இதில் அடங்கும். விளையாட்டாகத் தொட்டுவிட்டுக் குடியேற்ற வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம். சந்தேகமென்றால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே அடுத்த சனிக்கிழமை. மாநிலச் சட்டங்கள் அதற்கு மேல் தனி.

இனி கை. வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் இங்கே கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது அந்தச் சின்ன, எடையில்லாத ரிவால்வரைத்தான். எனக்கும் அதுதான் நடந்தது. கவுண்டரில் நின்றவர், “உங்கள் கைக்கு இதுதான் பொருத்தம் மேடம்” என்று 15 அவுன்ஸில் (ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம்) ஒன்றை வைத்தார். பர்ஸ் கனம்கூட இல்லை. பூரித்துப்போய் வாங்கினேன். ரேஞ்சில் முதல் தோட்டாவுக்கே உள்ளங்கையில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. ஐந்தாவதைச் சுடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். 3 மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன்.

காரணம் எளிது. படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போகும். சின்னப் படகு வேகமாகப் போகும், பெரிய படகு அசைந்து கொடுக்கும். தோட்டா முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதும் இதே கணக்கு. ஒரே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டால் உதைப்பின் ஆற்றல் இரண்டு மடங்கு. 15 அவுன்ஸ் ரிவால்வரைக் கீழே வைத்துவிட்டு 40 அவுன்ஸ் எஃகு ரிவால்வரை எடுத்தால், அதே தோட்டாவில் உங்கள் கைக்கு வருவது முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவு. மருமகன் வைத்திருப்பது இடுப்பில் மறைத்து எடுத்துப்போகச் செய்தது. நாள் முழுக்கச் சுமக்க எளிதாக இருக்கும், சுடச் சுகமாக இருக்காது. ரேஞ்சில் காகிதத்தைச் சுட அது எதற்கு?

4 அங்குலக் குழல் கொண்ட முழு எஃகு ரிவால்வரை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பல ரேஞ்சுகளில் வாடகைக்குத் தருவார்கள். ரூகர் ஜிபி100, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 இரண்டும் சுமார் 40 அவுன்ஸ் வரும். “அவ்வளவு கனத்தை எப்படித் தூக்கிப் பிடிப்பது?” என்பீர்கள். நியாயமான கேள்வி. தூக்கிப் பிடிக்கவே வேண்டாம். உட்கார்ந்து, மணல் பையில் மணிக்கட்டைச் சாய்த்துச் சுடுங்கள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் நடுவில் கீழே வையுங்கள். யாரும் மார்க் போடப்போவதில்லை. மணிக்கட்டே பலவீனம் என்றால் 35 அவுன்ஸ் அளவிலான நடுத்தர ரிவால்வர் போதும்.

அடுத்தது தோட்டா. மருமகன் உங்களுக்கு .357 மேக்னம் என்ற பலமான தோட்டாவைப் போட்டுக் கொடுத்தாரா என்று விசாரியுங்கள். கொடுத்திருந்தால் அவரிடம் எனக்கும் சேர்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். .357 ரிவால்வரில் அதைவிடச் சாதுவான .38 ஸ்பெஷல் தோட்டாவைத் தாராளமாகப் போடலாம். .38 ரிவால்வரில் மேக்னத்தைப் போட முடியாது, மேக்னத்தின் கூடு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் அதிகம். .38 ஸ்பெஷலிலும் ‘பிளஸ் பி’ என்று அச்சிட்டதை விட்டுவிடுங்கள், அது அழுத்தம் கூட்டியது. உங்களுக்கு வேண்டியது 148 கிரெயின் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள வாட்கட்டர் தோட்டா. மூக்கே இல்லாமல் தட்டையாக இருக்கும், மெதுவாகப் போகும், காகிதத்தில் பஞ்ச் வைத்த மாதிரி வட்டமாக ஓட்டை போடும். கனமான துப்பாக்கியில் அதைச் சுட்டால் உதைப்பது ‘தள்ளுவது’ ஆகிவிடும். .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்ற தோட்டா அதைவிடவும் சாது. .327 ஃபெடரல் மேக்னம் ரிவால்வர் இருந்தால் அதைப் போடலாம். என்ன, கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை, கிடைத்தால் விலை கூட.

“நான் பழகிய .22 இருக்கிறதே” என்று உங்களுக்குத் தோன்றும். உதைப்பு குறைவு என்று பார்த்தால் அதற்கு நிகர் இல்லை. ஆனால் ஒரு சூது உண்டு. .22 ரிவால்வரில் டிரிக்கர் பெரும்பாலும் .38-ஐ விடக் கடினம், அந்தத் தோட்டாவை விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கப் பலமான அடி வேண்டும். சுட்ட கூடுகள் அழுக்கில் ஒட்டிக்கொண்டு, எட்டோ பத்தோ சேர்ந்து ஒரே தள்ளலில் வெளியே வர மறுக்கும். உதைப்பில் தப்பித்த கட்டைவிரல் அங்கே மாட்டும். தோட்டா நிரப்பும் சுழல் உருளையான சிலிண்டரின் அறைகளை அடிக்கடி பிரஷ் போட்டால் சரியாகும்.

உங்கள் வலி கட்டைவிரல் அடியில் என்பதால் பிடியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு 4 வருடம் புரியாமல் இருந்தது இதுதான். துப்பாக்கியின் குழல் உங்கள் முன்கை எலும்போடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அப்போது உதைப்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டையில் இறங்கி நேராகக் கைக்குப் போகும். பிடி தடிமனாக இருந்து விரல் டிரிக்கருக்கு எட்டவில்லை என்றால் நம்மை அறியாமல் கையைச் சுற்றித் திருப்பிக்கொள்கிறோம். உடனே மொத்த உதைப்பும் கட்டைவிரல் அடிமூட்டில் உட்கார்கிறது. எனக்கு வலி தீர்ந்தது மருந்தில் அல்ல, கையை நேராக்கியதில்.

ரப்பர் பிடி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஹோக், பேக்மேயர் போன்றவர்களின் ரப்பர் பிடிகளில் சில, துப்பாக்கியின் முதுகு எஃகையும் மூடிவிடும். கவட்டைக்கு மெத்தை போட்ட மாதிரி. சில அந்த முதுகைத் திறந்தே விடும், அதில் இரும்பு நேராகக் கையில் இடிக்கும். ஆனால் மூடிய பிடி டிரிக்கருக்கான தூரத்தைக் கூட்டும். சின்னக் கை என்றால் மெத்தையா, எட்டுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். தோட்டா இல்லாததை இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, கையை நேராக வைத்துப் பிடித்து, விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினால் மூடிய பிடி. எட்டாவிட்டால் மெல்லிய பிடியும் உள்ளங்கையில் பஞ்சு வைத்த கையுறையும். கையை முதுகின் உச்சிவரை ஏற்றிப் பிடியுங்கள், தாழப் பிடித்தால் குழல் அதிகம் எகிறும். கழுத்தை நெரிப்பது போல இறுக்க வேண்டாம், கை நடுங்கத் தொடங்கினால் அது அதிகம்.

ரைபிள் பழக்கம் ஒன்றை மட்டும் கட்டாயம் விடுங்கள். இடது கையை முன்னால் கொண்டுபோய்த் தாங்காதீர்கள். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு, சுடும்போது அதன் வழியே கொதிக்கும் வாயு பக்கவாட்டில் சீறும். விரல் அங்கே இருந்தால் வெட்டிவிடும்.

டிரிக்கர். அதை மட்டும் நீளமாக இழுத்துச் சுடும்போது பொதுவாக 10 முதல் 12 பவுண்டு வரை இழுக்க வேண்டியிருக்கும். தோட்டாவை அடிக்கும் ஹாமரை முன்பே பின்னிழுத்து வைத்தால் 3, 4 பவுண்டில் முடியும். நோகும் கைக்கு இரண்டாவதே மேல், ஆனால் ஹாமரை இழுப்பது கட்டைவிரல் ஆயிற்றே! இரண்டு கையாலும் பிடித்திருக்கும்போது இடது கட்டைவிரலால் இழுங்கள், வலதுக்கு ஓய்வு. இழுத்த கையோடு அந்த விரல் ஹாமரின் பாதையிலிருந்து விலகிவிட வேண்டும். நீளமாக இழுத்தே சுடுவதாக இருந்தால் விரல் நுனிக்குப் பதில் முதல் மடிப்பை டிரிக்கரில் வையுங்கள், பலம் கூடும்.

ஸ்பிரிங்கை மாற்றி இலகுவாக்கலாம், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து. அளவுக்கு மீறிக் குறைத்தால் ஹாமர் பலமாக அடிக்காமல் தோட்டா வெடிக்காது. அப்படி ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் குழலை இலக்கை நோக்கியே 30 விநாடி வைத்திருங்கள், உடனே திறக்காதீர்கள், சில தோட்டா தாமதமாக வெடிக்கும்.

வாங்கும் முன் சிலிண்டர் திறக்கும் குமிழையும் விரலில் அழுத்திப் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் முன்னால் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும். எனக்கு ரூகர் அழுத்தம்தான் ஒத்துவந்தது, தோழி ஒருத்திக்கு நேர்மாறு. காதுக்குச் சுருட்டிச் செருகும் ஸ்பாஞ்சை விடக் காதை மூடும் கவசம் மேல், விரலில் சுருட்டும் வேலை இல்லை.

ஒரு நாளைக்கு 30 தோட்டா போதும். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்திருந்துவிட்டுக் கிளம்புங்கள். தூக்கம் வரவழைக்கும் வலி மாத்திரை போட்ட நாளில் போகவே வேண்டாம். திரும்பியதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயம் ஒட்டியிருக்கும்.

மறுநாளும் வலி இருந்தால் அன்றைக்குச் சுட்டது அதிகம் என்று கணக்கு. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனாலோ, மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொண்டாலோ அது துப்பாக்கி விவகாரம் இல்லை, மருத்துவரைப் பாருங்கள். எனக்குக் கை சிகிச்சையாளர் கட்டைவிரல் பட்டை ஒன்று கொடுத்தார், சுட்டு முடித்த மாலையில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

சுட்ட பிறகு குழலுக்குள் கம்பி விட்டுத் துடைப்பது, கைக்குச் சுடுவதைவிடக் கடினமான வேலை. அதை மருமகனிடம் கொடுங்கள். மாமியார் வேலை வைக்கிறார் என்று முணுமுணுத்தால், ஐந்து தோட்டா யாருடைய ரிவால்வரில் சுட்டது என்று கேளுங்கள்.