கச்சேரி கேசட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவுக்கு 84 வயது. 1974 முதல் 1989 வரை திருச்சி, தஞ்சாவூர் பக்கம் நடந்த கச்சேரிகளுக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவரே பதிவு செய்தவை, வானொலியிலிருந்து எடுத்தவை, நண்பர்களிடம் வாங்கிப் பிரதி எடுத்தவை என்று 132 கேசட்டுகள் வீட்டில் இருக்கின்றன. பாதிக்கு மேல் லேபிள் இல்லை. கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்று ஆன்லைனில் ஒரு சின்ன யுஎஸ்பி கேசட் பிளேயர் வாங்கினேன். எல்லாமே மந்தமாக, அடைத்துக்கொண்டு வருகின்றன. ஒரு கேசட்டில் பாடகருக்குப் போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. இரைச்சலை நீக்கப் பார்த்தால் குரலும் சேர்ந்து கெட்டுவிடுகிறது.

என் மகளுக்கு 16 வயது. சினிமாப் பாட்டு லைவ் ஷோக்களுக்குப் போகிறவள். தாத்தாவின் கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறாள். தாத்தாவுக்கு அதில் வருத்தம். எங்கிருந்து தொடங்குவது? மாற்றி முடித்த பிறகு கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கே., ஸ்ரீரங்கம்

அன்புள்ள கே.,

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்றால் 132 கேசட்டுக்கு 198 மணி நேரம். டேப் ஓடுகிற நேரம் ஓடித்தான் ஆகவேண்டும். வாரத்துக்கு இரண்டு என்று விடாமல் செய்தாலும் 66 வாரம். அப்பாவுக்கு இப்போதே 84. அதனால் அலமாரியின் முதல் தட்டிலிருந்து வரிசையாகத் தொடங்காதீர்கள். அப்பாவை உட்காரவைத்து, எந்தப் பத்தைக் கேட்க ஆசை என்று கேட்டு அந்தப் பத்திலிருந்து தொடங்குங்கள். டேப்பில் இருப்பது ஒலி மட்டும். அது எந்த ஊர், யார் வயலின், ஏன் பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. நன்றாக வைத்திருந்த டேப் இன்னும் சில வருஷம் காத்திருக்கும்.

கேசட்டை ஓட்டுவதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை, மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைப்பது. உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் தெரியாமல் பதிவு செய்துவிட முடியாது. அடுத்து, கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. காவிரிக் கரை வீடுகளின் ஈரத்துக்கு இது சகஜம். அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒன்றை ஓட்டினால் பூஞ்சை, டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டி அடுத்ததற்கும் போகும்.

யுஎஸ்பி பிளேயரை விட்டுவிடுங்கள். அதன் மோட்டார் சீராக ஓடாது. ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையில் குரல் நடுங்குவதைக் கேட்டிருப்பீர்கள். தெரிந்தவர் வீட்டுப் பரணில் ஒரு பழைய கேசட் டெக் கிடைக்கும். பெல்ட் மட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம். பின்பக்கம் ஒலியை வெளியே எடுக்கும் 'லைன் அவுட்' துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதிலிருந்து லைன் இன்புட் உள்ள ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, அதிலிருந்து கம்ப்யூட்டர். இயர்போன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு ஒயர் போடும் வழக்கம் வேண்டாம். அது மைக்குக்கான துளை, இவ்வளவு பலமான ஒலியைத் தாங்காமல் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் உடைந்து பதிவாகும்.

ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை ஹெட்டை ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். பஞ்சு பழுப்பாக வருவது நின்றால் போதும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ஈரத்துணி போதும். பல வருஷம் ஓடாத கேசட்டை உடனே பிளே செய்யாமல் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் போடுங்கள். ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரியும்.

இப்போது உங்கள் மந்த ஒலிக்கு வருகிறேன். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கேசட்டின் வாய்ப்பக்கத்தில் நடுவில் செம்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டு. டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து விழுந்திருந்தால் கூர்மையான மேல் ஒலிகளெல்லாம் போய்விடும். ஐந்து திருகு உள்ள வேறொரு கேசட் கூட்டுக்கு டேப்பை மாற்றினால் தீர்ந்தது. இரண்டாவது காரணம் ஹெட்டின் சாய்வு. அப்பாவின் ரெக்கார்டரில் ஹெட் ஒரு கோணத்தில் இருந்திருக்கும், உங்கள் டெக்கில் வேறு கோணத்தில் இருக்கும். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகு இருக்கும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பிக் கேளுங்கள். காந்தம் ஏறாத திருப்புளியாக இருக்கட்டும். குரலைக் கவனித்தால் தெரியாது. கஞ்சிராவின் சலங்கை, ஜால்ரா, வயலின் வில் தந்தியில் உரசும் ஒலி, இவை எந்த இடத்தில் தெளிவாகின்றனவோ அதுதான் சரியான கோணம். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்யவேண்டும். இந்த வேலையில் பலனில் பாதி இந்த ஒரு திருகில்தான். கடைக்குக் கொடுத்து மாற்றினால் பெரும்பாலும் செய்யாமல் விடுவதும் இதையே.

டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டன் அணைந்திருக்கட்டும். சபாவுக்குத் தூக்கிப்போன கையடக்க ரெக்கார்டர்களில் பெரும்பாலும் டால்பி கிடையாது. போட்டால் இருக்கிற கொஞ்சம் பளிச்சும் போகும்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. மொத்தமும் 200 ஜிபியைச் சுற்றித்தான் வரும். ஒலி அளவை மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் வையுங்கள். கைதட்டலும், மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கடைசி முத்தாய்ப்பான தீர்மானமும் அதைத் தாண்டிக் குதிக்கும், அதற்கு இடம் வேண்டும். கைதட்டல் முடிந்ததும் குரல் அமுங்கி, மெல்ல மெல்லத் தம்புரா மேலே எழும்பி வருவதைக் கேட்பீர்கள். அந்தக் கால ரெக்கார்டர்கள் அளவைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொண்டவை. அதைச் சரிசெய்ய முயலவேண்டாம்.

சுருதி ஏறுவதற்குக் காரணம் பாட்டரி. கச்சேரி போகப் போகப் பாட்டரி இறங்கி மோட்டார் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும், பாட்டும் விறுவிறுக்கும். சுருதியை அளக்கும் கட்டைக் கணக்கில் அரைக் கட்டை ஏறியிருந்தால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடியிருக்கிறது. அடாசிட்டி போன்ற மென்பொருளில் சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' தான் தேவை. கேசட்டின் முதல் ஐந்து நிமிடத்துத் தம்புராவை அளவுகோலாக வைத்து, பின்னால் வருவதைப் பாட்டுப் பாட்டாக இறக்கிக்கொண்டு வாருங்கள். அந்த முதல் ஐந்து நிமிடமே சரியான வேகமா என்பதற்கு ஒரு துப்பு உண்டு. ரெக்கார்டரோ சபாவின் மைக்கோ கரண்டில் ஓடியிருந்தால் அடியில் ஒரு ரீங்காரம் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ரீங்காரம் 50லும் 100லும் இருக்கும். அந்தக் காலத்தில் மின்சாரமே 50ல் நிலையாக நிற்கவில்லை என்பதால் இது தோராயம்தான். "இவருக்கு இரண்டு கட்டை" என்ற ஞாபகத்தை வைத்து மட்டும் திருத்தவேண்டாம். வயதாக ஆகப் பாடகர்கள் சுருதியை இறக்கிக்கொள்வார்கள்.

இரைச்சல் நீக்கத்தில் குரல் கெட்டது ஏன்? "இதுதான் இரைச்சல்" என்று மென்பொருளுக்கு நீங்கள் காட்டிய மாதிரி, பாட்டுத் தொடங்குமுன் வரும் சில விநாடியாக இருந்திருக்கும். அங்கே தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது. இடைவிடாத சீரான ஒலி என்பதால் மென்பொருள் தம்புராவையும் இரைச்சலில் சேர்த்துவிட்டது. ஆரம்பம் முதல் முடிவுவரை தம்புராவின் ஸ்வரங்களான ஸ ப ஸ வரும் இடங்களையெல்லாம் குரலிலிருந்தும் சுரண்டி எடுத்திருக்கும். மாதிரி எடுத்தே ஆகவேண்டும் என்றால் கேசட்டின் கடைசியில் எதுவும் பதிவாகாத டேப்பிலிருந்து எடுங்கள், 6 டெசிபலுக்கு மேல் குறைக்காதீர்கள். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். இரைச்சலுக்குக் காது இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். தம்புரா போன கச்சேரிக்குப் பழகாது.

லேபிள் இல்லாதவற்றைக் கண்டுபிடிக்கக் கச்சேரியின் வரிசையே உதவும். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய அந்த முறையைத்தான் அநேகமாக எல்லோரும் பின்பற்றினார்கள். வர்ணம் வந்தால் கச்சேரியின் முதல் பக்கம். தனி ஆவர்த்தனம் வந்தால் நடு. துக்கடா என்னும் சின்னப் பாட்டுகளும் சௌராஷ்டிர ராகத்திலோ மத்யமாவதியிலோ மங்களமும் வந்தால் கடைசிக் கேசட். 45 நிமிடத்தில் பக்கம் முடிவதால் பிரதான ராகம் பெரும்பாலும் இரண்டாக வெட்டுப்பட்டிருக்கும். தனியைக் காணவே காணோம் என்றால் ஆச்சரியப்படாதீர்கள். சபை காண்டீனுக்குக் கிளம்பும் நேரம் அது. டேப் மிச்சம் பிடிக்கிறவர்களும் அங்கேதான் நிறுத்துவார்கள். எத்தனையோ நல்ல மிருதங்கம் இப்படிக் காண்டீனுக்கே போயிற்று.

வருஷம் கணிக்க, பாடகரையும் பக்கவாத்தியக்காரர்களையும் பாருங்கள். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962லும், பாடகர்களில் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்) 1965லும், மதுரை மணி ஐயர் 1968லும் மறைந்தார்கள். பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியதே 1963ல், அப்பா பதிவு செய்யத் தொடங்கியது 1974ல். ஆகவே இவர்கள் உங்கள் கேசட்டில் இருந்தால் அது கேசட்டுக்கு முந்தைய ஸ்பூல் டேப்பிலிருந்தோ வானொலி மறுஒலிபரப்பிலிருந்தோ எடுத்த பிரதி. பிரதிக்குப் பிரதி வேகம் மாறியிருக்கும், சுருதியை நம்பமுடியாது. வானொலிப் பதிவென்றால் முன்னும் பின்னும் வரும் அறிவிப்பை ஒருபோதும் வெட்டவேண்டாம். பக்கவாத்தியக்காரர் பெயருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "அந்தக் கச்சேரி எப்படி இருந்தது?" என்றால் "பிரமாதம், இப்போ யார் பாடறா அப்படி" என்று முடிந்துவிடும். சின்னதாகக் கேளுங்கள். மைக்கை எங்கே வைத்தீர்கள்? மேடையிலா, ஸ்பீக்கர் முன்னாலா? அனுமதி கேட்டீர்களா? டிக்கெட் எவ்வளவு? யார் கூட வந்தார்கள்? ராத்திரி எப்படி வீடு திரும்பினீர்கள்? பத்து நிமிடம் போட்டுக் காட்டி, நிறுத்திவிட்டு, பிறகு கேளுங்கள். பாட்டு ஓடும்போதே பேசவைத்தால் இரண்டும் கலந்து எதற்கும் உதவாது. ஃபேனை அணைத்து, போனை மடித்த துண்டின் மேல் அவர் வாயிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் பதிவு தெளிவாக வரும். ஒரு தடவைக்கு அரை மணி போதும். அப்பா காதுக் கருவி வைத்திருந்தால் பேச்சுக்கான அமைப்பிலேயே சங்கீதம் கேட்க விடாதீர்கள். அது தம்புராவை இரைச்சல் என்று அமுக்கும், கார்வையைக் குழப்பும். பல கருவிகளில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு, போட்டுத்தரச் சொல்லுங்கள்.

மகளுக்கு முழுக் கேசட்டைப் போட்டது தவறான இடத்தில் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் முக்கால் மணி ராகம் பழக்கமில்லாத காதுக்கு நீளம்தான். லைவ் ஷோவுக்குப் போகிற பெண்ணுக்குக் கூட்டம் தெரியும். அதனால் சபை அசைந்த இடத்தை வெட்டிக் கொடுங்கள். கற்பனையாக ஸ்வரம் பாடும் கல்பனாஸ்வரத்தின் கடைசி மூன்று நிமிடம், ஸ்வரக் கட்டுகள் சுருங்கிக்கொண்டே வரும் குறைப்பு முடிந்து, முத்தாய்ப்பான கோர்வை விழுந்து கைதட்டல் எழுவது வரை. அல்லது தனி ஆவர்த்தனத்தின் முடிவில் வரும் மோரா கோர்வை. ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஹெட்போனில் கேட்கட்டும். பிரதிகளில் மதுரை மணி ஐயரின் 'இங்கிலீஷ் நோட்' அகப்பட்டால் அதையே முதலில் கொடுங்கள். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றிய அந்தத் துள்ளலுக்கு எந்த முன்தயாரிப்பும் தேவையில்லை.

பிறகு அவள் முறை. அவள் ஒரு சினிமாப் பாட்டைப் போடட்டும், தாத்தா அதில் ராகம் தேடட்டும். கல்யாணி, மோகனம், சிந்து பைரவி என்றால் சட்டென்று பிடித்துவிடுவார், அதே ராகத்தில் தன் கேசட்டிலிருந்து மூன்று நிமிட ஆலாபனை போடுவார். புதிய பாட்டுகளில் பல ராகத்துக்குள் அடங்காது, அங்கே அவர் திணறுவார். அவருக்குத் தெரியாத ஒன்று அவளிடம் இருப்பதும் நல்லதுதான். தாத்தா மட்டுமே கொடுக்கிறவராக இருந்தால் பேத்தி மூன்றாம் நாள் வரமாட்டாள். அவள் ஷோக்களில் போனில் எடுத்த பதிவுகளுக்கும் தேதி, இடம், பாட்டு வரிசை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவையும் நாளைக்கு லேபிள் இல்லாத கேசட்டுகள்தான்.

ஃபைல் பெயரில் வருஷம், ஊர், பாடகர், கேசட் எண், பக்கம். தெரியாத வருஷத்தை ஊகித்து எழுதவேண்டாம், 0000 போதும். அட்டையில் அப்பாவின் கையெழுத்து இருந்தால் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். வெட்டாத மூலம் ஒன்று, வெட்டிய பிரதி வேறு. இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். இந்தியச் சட்டத்தில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்ச்சி நடந்து 50 வருஷம் உரிமை உண்டு, உங்களுடையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது முடியவில்லை.

கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஹெட்டின் கோணம் தப்பிவிட்டது என்று பின்னால் தெரிந்தால் திரும்ப எடுக்க வேறு மூலம் கிடையாது. ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஸ்பீக்கரும் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லாத அலமாரியில் நடுத்தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டு வேண்டாம், தரை ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான்.